திறந்த கதவும் கொடாத பொருளும்

 

ஜ்யேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமியை நாம் ஸ்ருத பஞ்சமியாகக் கொண்டாடி வருகின்றோம். அன்று ஆலயத்தில் ஏடுகளையும் நூல்களையும் பீடத்தில் ஏற்றி, மலரிட்டு வணங்குகின்றோம். நம் வணக்கம் தாளுக்கும் மைக்கும் உரியதன்று என்பதை அனைவரும் அறிவோம். கிர்நார் மலையின் சந்திரகுகையில் தங்கியிருந்த தரசேன ஆசாரியர், ஆகம அறிவில் எஞ்சியிருந்த பகுதியும் தம்மோடு மறைந்துவிடுமே என்று அஞ்சினார். தென்திசையிலிருந்து இரண்டு முனிவர்களை வரவழைத்தார். புஷ்பதந்தர், பூதபலி என்னும் அவ்விருவர்க்கும் தாம் அறிந்ததைக் கற்பித்தார். அவர்கள் அதனை ஷட்கண்டாகமமாக எழுத்தில் அமைத்தனர். பூதபலி ஆசாரியர் திராவிட நாட்டிற்கு வந்தார் என்பது மரபு வழியாக நாம் கேட்டுவரும் செய்தி. ஆதலின் இத்திருநாளில் தமிழ்ச் சமணராகிய நமக்குத் தனியுரிமையும் உண்டு. கற்பித்தவர் விலை கேட்கவில்லை. எழுதியவர்களும் கேட்கவில்லை.

உணவு, மருந்து, அபயம், நூல் என்று தானத்தை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சிராவகி, பொன்னன் என்ற கவிஞரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சுப்பொறி இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள் எனில், எத்தனை பனையோலைகள், எத்தனை எழுத்தாணிகள், எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிகளைப் பெற்றவருள் எவரேனும் கடைவீதிக்குக் கொண்டு சென்று விலை கூறியிருப்பின், அவரைக் குறித்து நம் முன்னோர் என்ன கருதியிருப்பர்? இவ்வாண்டு அந்த வினா வெறும் கற்பனையாக நில்லாமல் எம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. அதனை உங்கள்முன் வைக்கவே இக்கட்டுரை.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் சேர்ந்தே வாழ்கின்றன. பெட்டிகளில் ஒட்டும் வண்ணத்தாளுக்காக வேரூன்றிய அச்சுத்தொழில், பின்னர் காலண்டர், டைரி, நோட்டுப்புத்தகம், பாடநூல் எனக் கிளைத்தது. மகாவீர பகவான் நிர்வாணம் எய்திய நாளில் விளக்கேற்றி வழிபடும் நாம் வெடிமருந்தின் பக்கம் செல்வதில்லை. எனினும் நம் பிள்ளைகளுள் சிலர் அச்சகப் பணியின் பொருட்டு இப்பகுதிக்கு வந்து தங்கியுள்ளனர். உறவில் எமக்குப் பெயரன் முறையாகும் இளைஞர் ஒருவர் அவருள் ஒருவர். அச்சகம் ஒன்றில் வேலைகளைப் பேசி வாங்கும் பொறுப்பில் இருக்கின்றார்.

தை பிறந்து காலண்டர் வேலை ஓய்ந்த காலத்தில் அவரிடம் வெளிமாநில வணிகர் ஒருவர் வந்தார். முப்பத்தாறு நூல்கள், ஒவ்வொன்றும் இருபது படிகள் அச்சிட்டுக் கட்டித் தரவேண்டும் என்றார். கோப்புகள் அனைத்தையும் ஒரு சிறு பென்டிரைவில் கொடுத்தார். ஓய்ந்திருந்த பொறிகளுக்கு ஒரு மாத வேலை. இளைஞர் மகிழ்ச்சியோடு கோப்புகளைத் திறந்து பார்த்தார். அவை நூல்கள் அல்ல. பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டத்திற்காக அளிக்கப்பட்ட ஆய்வேடுகள். வழிகாட்டியின் சான்றிதழும், ஆய்வாளரின் உறுதிமொழியும், நன்றியுரையும் சிலவற்றில் நீக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் நீக்க மறந்திருந்தனர். புதிய அட்டையில் புதிய தலைப்பும், 1,950 ரூபாய் என்ற விலையும் இருந்தன. அச்சுக்கும் கட்டுக்கும் சேர்த்து ஒரு படிக்கு முந்நூறு ரூபாயும் ஆகாது.

நீக்க மறந்த நன்றியுரை ஒன்றை அவர் எம்மிடம் காட்டினார். தீப்பெட்டித் தொழிலில் உழைக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. பகலெல்லாம் குச்சி அடுக்கிவிட்டு, இரவில் தம் வீட்டு வாசலில் அமர்ந்து கேள்விகளுக்கு விடை கூறிய பெண்களை ஊர் ஊராகக் குறிப்பிட்டு, அவர்களுக்கு அந்த ஆய்வாளர் நன்றி கூறியிருந்தார். அப்பெண்கள் தம் வாழ்க்கையையே சொல்லாக்கிக் கொடுத்தனர். அவர்களும் விலை கேட்கவில்லை.

இளைஞர் எம்மிடம் கேட்டது இதுதான்: “ஆயா, இவை யாவும் இணையத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கின்றன. பூட்டை உடைக்கவில்லை. எவரும் எதையும் இழக்கவில்லை. இதில் களவு எங்கே இருக்கிறது?”

நேர்மையான வினா. உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. முதலில் அவை எவ்வாறு திறந்து கிடக்கின்றன என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். முன்னாளில் ஓர் ஆய்வேடு எழுதினால் நான்கைந்து படிகள் தட்டச்சிட்டுப் பல்கலைக்கழகத்தில் அளிப்பர். அவை நூலகத்தின் உள்ளறையில் தூசி படிந்து கிடக்கும். ஒரே பொருளைப் பற்றி ஓர் ஊரில் ஆய்ந்தவரை மற்றோர் ஊரில் ஆய்பவர் அறியார். இக்குறையை நீக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வேட்டின் மின்படியையும் அளிக்கவேண்டும் என்று வகுத்தது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் அவற்றைத் தொகுத்து ‘ஷோத்கங்கா’ என்ற பெயரில் உலகோர் அனைவர்க்கும் கட்டணமின்றி வழங்கி வருகின்றது. இன்று ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே உள்ளன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஆய்வுகளும் அவற்றுள் அடங்கும். கங்கை என்று பெயரிட்டவர் நன்கு சிந்தித்தே இட்டிருக்கின்றார். நூல்தானத்திற்கு இக்காலத்தில் இதனினும் பெரிய எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

அத்தானத்தோடு ஒரு வாசகமும் இணைந்தே நிற்கின்றது. எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், பிறர்க்கு வழங்கலாம், அதன்மேல் மேலும் ஆய்வு செய்யலாம். ஆசிரியரின் பெயரைக் கூறவேண்டும், வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது, அதிலிருந்து உருவாக்குவதையும் இதே முறையில் பிறர்க்கு வழங்கவேண்டும் என்பன நிபந்தனைகள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று உலகெங்கும் வழங்கும் உரிமங்களுள் இது ஒரு வகை. கோப்பைத் தரவிறக்கும் இடத்திலேயே இது கூறப்பட்டுள்ளது. அறியேன் என்று அந்த வணிகர் கூறுதற்கு இடமில்லை.

இனி ஆகமத்திற்கு வருவோம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் களவிற்கு இலக்கணம் கூறுமிடத்துப் பூட்டைப் பற்றியோ சுவரைப் பற்றியோ பேசவில்லை. கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்பதே அவர் தரும் இலக்கணம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இன்னும் ஓர் அடி முன்சென்று இல்லறத்தார்க்கு விளக்குகின்றார். பிறர் ஓரிடத்தில் வைத்த பொருளும், வழியில் விழுந்த பொருளும், உரியவர் மறந்துவிட்ட பொருளும் அவர் கொடுத்தாலன்றி நம்முடையவை ஆகமாட்டா. அவற்றைத் தான் கொள்ளுதலும் ஆகாது, எடுத்து மற்றொருவர்க்குக் கொடுத்தலும் ஆகாது. நம் வீடுகளில் பெரியோர் சிறுவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் அருங்கலச்செப்பும் இந்நெறியையே தமிழில் தருகின்றது.

ஆகவே கதவு திறந்திருந்ததா என்பதன்று கேள்வி. என்ன கொடுக்கப்பட்டது என்பதே கேள்வி. கோடைக்காலத்தில் தண்ணீர்ப்பந்தல் வைப்பவர் குடிப்பதற்குத் தண்ணீர் கொடுக்கின்றார். எவரும் குடிக்கலாம், எத்துணை முறையும் குடிக்கலாம். அதனைக் குடத்தில் மொண்டு அடுத்த தெருவில் விற்பவன், கொடுக்கப்பட்டதைக் கொண்டவன் ஆகமாட்டான். தாகத்திற்குக் கொடுத்ததை அவன் வேறொன்றிற்குக் கொண்டான்.

“எவரும் எதையும் இழக்கவில்லையே” என்ற பகுதி எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தண்ணீர் மொண்டால் குறையும், எழுத்தைப் படியெடுத்தால் குறையாது என்பது உண்மை. ஆனால் களவின் தீமை குறைவில் மட்டும் இல்லை. கொடாததைக் கொள்ளும் உள்ளத்தின் மயக்கத்தில் அது தொடங்குகிறது. இழப்பவரும் உண்டு. இலவசமாகக் கிடைப்பதை அறியாத ஒரு சிறு கல்லூரியின் நூலகர் 1,950 ரூபாய் கொடுத்து அதனை வாங்குகின்றார். அத்தொகையில் நான்கு நல்ல நூல்கள் அந்நூலகத்திற்கு வந்திருக்கும். தலைப்பை மாற்றிப் புதுநூல் என்று விற்பதால், பழைய ஆய்வைப் புதியதென்று அவரும் அவருடைய மாணவரும் நம்புகின்றனர். ஆய்வாளரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவர் தம் ஆய்வேட்டைச் செப்பம் செய்து நூலாக்கப் பதிப்பகத்தை நாடினால், “இது முன்பே விற்பனையில் உள்ளதே” என்று அவர்மீதே ஐயம் எழும்.

அஸ்தேய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன அன்றோ? களவிற்கு ஏவுதல், களவாடிய பொருளைப் பெறுதல், அரசநெறியை மீறுதல், அளவையிலும் நிறையிலும் வஞ்சித்தல், போலிப்பொருளை மெய்ப்பொருள் போல் விற்றல் என்பன அவை. அச்சகத்தார் எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை, கூலிக்கு அச்சிட்டார், அவ்வளவே என்று கூறலாம். அந்த வாதத்திற்கு இப்பட்டியலில் இரண்டாம் அதிசாரம் விடையிறுக்கின்றது. அரசநெறியைப் பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் எழுதியதன் உரிமை அவர் வாழ்நாளிலும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் நிற்கும். அறிந்தே அதனை மீறுவோர்க்கும் மீறத் துணைபுரிவோர்க்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உரிமையை விற்றுவிட்ட பின்னரும், இது யான் எழுதியது என்று கூறும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்காது என்று அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகின்றது. இப்பிரிவு எமக்கு மிகவும் பிடித்தது.

இவ்வளவும் கேட்ட இளைஞர் வாளாவிருக்கவில்லை. “மூடபித்ரியில் நடந்தது என்ன?” என்று திருப்பிக் கேட்டார். இக்காலப் பிள்ளைகள் படிப்பதில்லை என்று எவர் சொன்னது!

அவர் கேட்டது நம் வரலாற்றில் உள்ள ஒரு முள். ஷட்கண்டாகமத்திற்கு வீரசேன ஆசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய தவளை என்னும் பேருரையின் பழைய ஓலைப்படிகள், தென்கன்னடத்தின் மூடபித்ரி ஆலயத்தில் மட்டுமே எஞ்சியிருந்தன. யாத்திரிகர் தொலைவிலிருந்து கண்டு வணங்கலாம், படித்தல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஓலைகள் சிதைந்துவிடுமே என்று அஞ்சி, அங்கேயே வைத்துக்கொள்ளப் படியெடுக்க ஏற்பாடு செய்தனர். படியெடுத்தவருள் ஒருவரான கஜபதி உபாத்தியாயர், எவரும் அறியாமல் தம் இல்லத்தில் மனைவியாரின் துணையோடு கன்னட எழுத்தில் மற்றொரு படியும் எழுதிக்கொண்டார். அதனை விலைக்குக் கொடுக்க எண்ணிச் சோலாப்பூரின் சேட் ஹீராசந்த் நேமிசந்தை அணுகினார். ஆகமத்தைக் காண்பதற்கு அவர் எவ்வளவு ஏங்கியிருப்பார்! ஆயினும் அவ்வாறு வந்த படியை வாங்குவது முறையன்று என்று மறுத்துவிட்டார். மும்பையின் சேட் மாணிக்சந்தும் வாங்கவில்லை. இறுதியில் அது வடக்கே சகாரன்பூர் சென்று, அங்கிருந்த லாலா ஜம்புபிரசாத்தின் ஆலயத்தில் இடம்பெற்றது. அங்கும் அதனை நாகரி எழுத்தில் பெயர்த்தவர் ஒரு படியைத் தமக்கென வைத்துக்கொள்ள, அதன்வழிப் படிகள் பல ஊர்களுக்கும் பரவின. அப்படிகளைக் கொண்டே ஹீராலால் ஜெயின் 1939ஆம் ஆண்டு அமராவதியிலிருந்து தவளையின் முதற்பகுதியை அச்சிட்டார். நாம் இன்று தவளையைப் படிக்கின்றோம் என்றால், அந்தக் கள்ளப்படிக்கும் அதில் பங்குண்டு.

இதனை மறைத்தல் தகாது. மறைக்கவும் யாம் விரும்பவில்லை. பூட்டி வைத்தவர்மீதும் குற்றம் உண்டு. ஞானாவரணீய கர்மத்திற்கு வாயில்களாகக் கூறப்பட்டவற்றுள், தான் அறிந்ததைப் பிறர்க்குக் கொடாத பொறாமையும், அறிவிற்கு இடையூறு செய்தலும் உள்ளனவே. விளைவு நன்றாயிற்று என்பதால் கஜபதி உபாத்தியாயரின் செயல் தூய்மையாகிவிட்டது என்றும் யாம் கூறமாட்டோம். வாங்க மறுத்த அவ்விரு பெரியோரின் உள்ளத்தில் அன்று எத்தகைய போராட்டம் நிகழ்ந்திருக்கும் என்பதையே பலகாலும் எண்ணிப் பார்க்கின்றோம். ஆனால் இளைஞர்க்கு யாம் கூறியது வேறு. மூடபித்ரியில் அறிவு அடைபட்டுக் கிடந்தது. படியெடுத்தவர் அதனை வெளியே கொணர்ந்தார் என்று ஒரு சமாதானமாவது கூறலாம். ஷோத்கங்காவில் அறிவு முன்னரே வெளியே நிற்கின்றது. இவ்வணிகர் எதனையும் திறக்கவில்லை. திறந்து கிடப்பதற்கு ஒரு போலிக் கதவு செய்து அதற்குச் சுங்கம் வாங்குகின்றார். கஜபதி உபாத்தியாயர்க்கு இருந்த அந்த ஒரு சமாதானமும் இவர்க்கு இல்லை.

இலவசமாகக் கிடைப்பதை அச்சிட்டு விற்பதே குற்றம் என்று எவரும் கொள்ளவேண்டா. பாரதியாரின் பாடல்களை அரசு 1949இல் உரிமை பெற்று நாட்டுக்கு உடைமையாக்கியது. இன்று எவரும் அவற்றை அச்சிட்டு விற்கலாம். விற்கும் உரிமையும் சேர்த்தே கொடுக்கப்பட்டுள்ளது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் படிநகல் கடை ஒன்றின்மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. மாணவர் பாடத்திற்காக நூற்பகுதிகளைப் படியெடுத்தலைச் சட்டம் அனுமதிக்கின்றது என்று 2016இல் உயர்நீதிமன்றம் கூறியது. கற்பவனை நோக்கிய படியை அறமும் கடியாது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு இதனினும் நுட்பமானது. ஹாங்காங் பல்கலைக்கழகம் தன் ஆய்வேடுகளை இணையத்தில் திறந்து வைத்தபோது, பெயரைக் கூறினால் போதும் என்ற உரிமமே பலவற்றில் இருந்தது. வணிகம் விலக்கப்படவில்லை. 2017இல் ‘ஓப்பன் டிசர்ட்டேஷன் பிரஸ்’ என்ற பெயரில் அவை நூல்வடிவில் அமேசானில் விற்பனைக்கு வந்தன. எங்கிருந்து பெறப்பட்டது, எந்த உரிமத்தின்கீழ் விற்கப்படுகின்றது என்று விற்பனைக் குறிப்பிலேயே தெரிவித்திருந்தனர். ஆசிரியரின் பெயரும் இருந்தது. இது சட்டப்படி களவன்று, எம் கணிப்பில் விரதப்படியும் களவன்று. கொடுத்தவர் அவ்வாறே கொடுத்துவிட்டார். ஆனால் பட்டம் பெறும் பரபரப்பில் படிவத்தில் கையொப்பமிட்ட மாணவர் இதனை எண்ணியிருப்பாரா? அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளில் பின்னர் வணிகத்திற்கும் மாற்றத்திற்கும் இடங்கொடாத உரிமம் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆய்வேடு அளிக்கும்போது, கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியுள்ளது என்று ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். தானம் செய்பவர் தாம் என்ன கொடுக்கின்றோம் என்று அறிந்து கொடுத்தல் நன்று.

பெயரைக் கூறுதல் சிறிய செயல் என்று தோன்றலாம். ஆகமம் அவ்வாறு கருதவில்லை. எவரிடம் கற்றோமோ அவர் பெயரை மறைத்தலை நிஹ்னவம் என்று பெயரிட்டு, அதனையும் ஞானாவரணீயத்தின் வாயிலாகவே வைத்தனர் நம் ஆசாரியர்கள். விஸ்வநத்தத்திலிருந்து கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குச் செல்வோர் அங்குள்ள பாறையைக் காணவேண்டும். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், செய்வித்தவர் பெயர்களை வட்டெழுத்தில் பொறித்துள்ளனர். குரவர் பெயர்கள் உள்ளன, குரத்தியர் பெயர்களும் உள்ளன. தச்சரும் குயவரும் வேளாளரும் எளிய மக்களும் அவருள் அடங்குவர். பெயரில்லாமல் திருமேனி மட்டும் இருப்பின் வழிபாட்டிற்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. ஆயினும் பொறித்தனர். உ. வே. சாமிநாத ஐயர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பிக்குமுன், கும்பகோணத்துச் சமணரிடம் சென்று நம் சமய மரபைக் கேட்டறிந்தார். சந்திரநாத செட்டியார் முதலியோர் செய்த உதவியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறவாமல் எழுதி வைத்தார். அவர் எழுதாவிடின் அக்கும்பகோணத்துப் பெரியவரை இன்று எவர் அறிவார்?

இதுகாறும் பிறர் குற்றத்தைப் பேசினோம். இனி எம் குற்றத்தையும் கூறியாக வேண்டும். விரதத்தில் நேர்ந்த பிழையை வெளிப்படக் கூறுதலை ஆலோசனை என்று நாம் போற்றுகின்றோம். இதழின் பக்கம் குருவின் சந்நிதி ஆகாது என்பதை அறிவோம். ஆயினும் இளைஞர்க்கு அறிவுரை கூறிய அன்று இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

1980களில் யாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பணியாற்றினோம். பயிற்சி மாணவியர் எழுதும் பாடக்குறிப்புகளைத் திருத்துவது எம் பணிகளுள் ஒன்று. சில குறிப்புகள் எம்மையே வியக்க வைக்கும். புத்தகக் கடைக்காரர் ஒருவர் வந்து, நல்ல பாடக்குறிப்புகளைத் தொகுத்துக் கையேடாகத் தருமாறு வேண்டினார். பதினொரு மாணவியரின் ஏடுகளிலிருந்து பதினொரு பாடங்களை எடுத்துக் கொடுத்தோம். ஆங்காங்கே ஒரு சொல்லைத் திருத்தியதன்றி எம் உழைப்பு அதில் வேறொன்றும் இல்லை. அட்டையில் எம் பெயர் மட்டும் வந்தது. எமக்கு 750 ரூபாய் கொடுத்தார். ஆசிரியர் திருத்திய ஏடு ஆசிரியருடையதே என்று அந்நாளில் எண்ணினோம். மாணவியரிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏடுகள் எம் மேசைமேல் திறந்தே கிடந்தன அல்லவா?

பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்தில், தலைமையாசிரியையாக உயர்ந்திருந்த பழைய மாணவி ஒருவர் எம்மை வணங்கி அருகில் அமர்ந்தார். பேச்சினிடையே, “டீச்சர், அந்தக் கையேட்டில் மூன்றாம் பாடம் நான் எழுதியது” என்றார். சினம் சிறிதும் இல்லை. தம் எழுத்து அச்சேறியதில் பெருமைதான் தெரிந்தது. பெயர் இல்லாத பெருமை. யாம் புன்னகைத்து வேறு பேச்சிற்கு மாறிவிட்டோம். நிஹ்னவத்திற்கு மேல் நிஹ்னவம்.

இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். உரியவர்களின் ஒப்புதல் கடிதம் இருந்தால் அச்சிடுவதாக வணிகரிடம் கூறினார். வணிகர் சிரித்துவிட்டுப் பென்டிரைவைத் திரும்பப் பெற்றுச் சென்றார். வேறோர் அச்சகத்தில் அவை அச்சேறியிருக்கலாம். பொறிகள் மூன்று வாரம் ஓய்ந்திருந்தன. கட்டுக் கட்டும் பிரிவில் நாட்கூலிக்கு வரும் பெண்கள் நால்வர்க்கு அந்நாட்களில் வேலை இல்லை. “நான் காத்த விரதத்திற்கு அவர்கள் பட்டினி கிடப்பதா ஆயா?” என்று ஒருநாள் கேட்டார். அதற்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை. அவர் தம் ஊதியத்திலிருந்து ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுத்ததைப் பின்னர் அவர் தாயார் வாயிலாக அறிந்தோம். தீப்பெட்டிப் பெண்களைப் பற்றி எழுதிய அந்த ஆய்வாளர்க்கும், அவர் பணிபுரியும் கல்லூரியின் முகவரியைத் தேடிச் செய்தியை எழுதியிருக்கின்றார்.

அக்கையேட்டின் ஒரு படி எம்மிடம் உள்ளது. அதன் முதல் தாளில், நினைவிற்கு வந்த ஒன்பது பெயர்களை அவரவர் பாட எண்ணோடு மையால் எழுதினோம். முகவரி கிடைத்த ஐவர்க்குக் கடிதம் சென்றது. ஒன்று, விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. ஒருவரின் மகள், தாயார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆயின என்றும், கையேட்டின் அந்தப் பாடத்தை மட்டும் படியெடுத்து அனுப்ப இயலுமா என்றும் கேட்டு எழுதினார். அனுப்பிவிட்டோம். ஆறாம் பாடத்தையும் பத்தாம் பாடத்தையும் எழுதியவர்களின் பெயர்கள் மட்டும் இன்னும் நினைவிற்கு வரவில்லை. ஆறாம் பாடம் நீர்ச்சுழற்சி பற்றியது, பத்தாவது பின்னங்களின் கூட்டல். அந்நாளில் எம்மிடம் பயின்றோர், அல்லது அவரை அறிந்தோர், இதனைப் படிக்க நேரின் இவ்விதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுத வேண்டுகின்றோம்.